52 பந்துகளில் எழுதிய தீர்ப்பு

“ஐபிஎல் வேற, டெஸ்ட் வேற. இந்தப் பையனுக்கு டெஸ்ட் வராது.” 2025 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உணவு இடைவேளை விட்டபோது நமக்கு மாலை ஐந்தரை மணி, காஞ்சிபுரத்தில் தறியை விட்டு எழுந்திருக்கிற நேரம். சாய் சுதர்சன் தன் முதல் டெஸ்ட் இன்னிங்ஸில் நான்கு பந்து ஆடி ஒரு ரன்கூட எடுக்காமல் திரும்பியிருந்தார். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளிலும் அன்றிரவுக்குள் அவர் கதை முடிந்துவிட்டது. அதன்பின் அவர் அரை சதம் அடித்தபோதும் பேச்சு மாறவில்லை. தடுமாறினால் “அப்பவே சொன்னோமே” என்கிறார்கள். ஆடினால் “ஆடுகளம் சுலபம்” என்கிறார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. இதை எதிர்க்கிறோம் என்று கிளம்பியவர்கள் சொல்வதும் தவறு. “பையன் மேல தப்பில்லை, கோச் கம்பீரும் கேப்டன் கில்லும் போட்ட திட்டம்தான் தப்பு” என்பது அவர்கள் கட்சி. இரண்டு தரப்பும் எதிரெதிராக நின்று கத்தினாலும் வேலை ஒன்றுதான்: முடிவைத் தெரிந்துகொண்டு, பிறகு பின்னால் போய்க் காரணத்தைப் பொறுக்கியெடுப்பது.

என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். டாஸ் வென்ற இங்கிலாந்து பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தது. ஜெய்ஸ்வாலும் ராகுலும் முதல் விக்கெட்டுக்கு 91 ரன் சேர்த்தார்கள். இடைவேளைக்குச் சில நிமிடங்களே இருந்தபோது ராகுல் 42 ரன்னில் அவுட். ஒன் டவுனில் இறங்கினார் சுதர்சன். பென் ஸ்டோக்ஸ் வீசி லெக் பக்கமாகப் போன பந்து மட்டையின் விளிம்பில் உரசி, விக்கெட் கீப்பர் ஜேமி ஸ்மித்தின் கையில் சேர்ந்தது. இந்தியா 92க்கு 2. இரண்டாம் இன்னிங்ஸில் 48 பந்துகளில் 30 ரன்; அப்போதும் ஸ்டோக்ஸ்தான், மிட்விக்கெட்டில் ஜாக் கிராலி பிடித்தார். ஆக மொத்தம் 52 பந்து. டி20 ஆட்டத்தில் ஒன்பது ஓவர்கூட ஆகாது.

அந்த டெஸ்ட்டில் இந்தியா தோற்றது உண்மை. 371 ரன் இலக்கை இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு எட்டியது. ஆனால் எதனால் தோற்றோம்? ஒரே டெஸ்ட்டில் ஐந்து சதம் அடித்த அணி ஒன்று தோற்றது வரலாற்றில் அதுவே முதல்முறை. முதல் இன்னிங்ஸில் 430க்கு 3 என்றிருந்த அணி 471க்குச் சுருண்டது. இரண்டாம் இன்னிங்ஸில் 333க்கு 4 என்பது 364இல் முடிந்தது. எட்டாம் இடம் முதல் பதினொன்றாம் இடம் வரை ஆடிய நான்கு பேரும் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது 9 ரன். கேட்ச்கள் வரிசையாகக் கை நழுவின. ஹாரி புரூக் ரன் எடுப்பதற்கு முன்பே பும்ரா பந்தில் கேட்ச் கொடுத்தார். அது நோ பால் என்பதால் பிழைத்து 99 வரை போனார். இத்தனை ஓட்டைகள் இருக்க, ஊர் விரல் நீட்டியது 23 வயதுப் புதுமுகத்தின் பூஜ்யத்தை நோக்கி. எட்ஜ்பாஸ்டனில் நடந்த அடுத்த டெஸ்ட்டில் அவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

அவருக்காக வாதாடுகிறவர்களிடம் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். கிரஹாம் கூச் 1975இல் முதல் டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம், பிறகு எட்டாயிரத்துக்கு மேல் ரன். மார்வன் அத்தபத்து முதல் மூன்று டெஸ்ட்டிலும் சேர்த்து ஒரே ஒரு ரன், பிறகு ஆறு இரட்டைச் சதம். நம் விஸ்வநாத் 1969இல் கான்பூரில் பூஜ்யம், அடுத்த இன்னிங்ஸில் 137. இந்தப் பட்டியலை நான் கையில் எடுக்க மாட்டேன். முதல் ஆட்டத்தில் பூஜ்யம் அடித்து அப்படியே காணாமல் போனவர்களின் பெயர் இதில் இருக்காது, அவர்கள்தான் அதிகம். கூச் பெரிய ஆளானார் என்பதால் சுதர்சனும் ஆவார் என்று வாதிப்பது, பூஜ்யம் அடித்தார் என்பதால் ஆக மாட்டார் என்று வாதிப்பதற்குச் சற்றும் குறைந்த அபத்தம் இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: முதல் ஆட்டம் நல்லதாகவோ கெட்டதாகவோ எதையும் சொல்வதில்லை.

இதற்குச் சரியான சாட்சி கிரிக்கெட்டுக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஓர் இடம் உண்டு. என்ன ஆட்டம் ஆடுவது என்ற உத்தரவு பெரும்பாலும் பயிற்சியாளர்களிடமிருந்து வரும். பந்தைக் கையில் வாங்கி, எதிராளிகள் மேலே பாய்ந்து வரும் இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று தீர்மானிப்பவர் அவர். தோற்றால் உத்தரவு தப்பா, எறிந்தவன் தப்பா என்று அந்த நாட்டு ரசிகர்களும் நம் டீக்கடைக்காரர்களைப் போலத்தான் மல்லுக்கு நிற்பார்கள். 1998இல் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலாவதாகப் போனவர் பெய்டன் மேனிங், இரண்டாவது ரயான் லீஃப். லீஃப் ஆடிய சான் டியாகோ அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. மேனிங் ஆடிய இண்டியானாபொலிஸ் அணி முதல் நான்கையும் தோற்றது. அந்த ஆண்டு மேனிங் எறிந்த பந்துகளில் 28 எதிரணியிடம் பிடிபட்டன. ஒரு புதுமுகம் இத்தனை கோட்டைவிட்டது அங்கே இன்றைக்கும் உச்சம். அணி 3 வெற்றி, 13 தோல்வி. ஆனாலும் பதினாறு ஆட்டத்திலும் அவரையே இறக்கினார்கள். அடுத்த ஆண்டு அதே அணி 13 வெற்றி, 3 தோல்வி. முதல் இரண்டு ஆட்டத்தை வென்ற லீஃப் சில ஆண்டுகளிலேயே களத்தை விட்டுப் போனார். முதல் மாதத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இரண்டு பேரைப் பற்றியும் தலைகீழாக எழுதியிருப்பார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்தத் தவறைச் செய்வதுதான் எனக்கு ஆறவில்லை. கோர்வைச் சேலை நெய்கிற ஊர் இது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு பக்கக் கரைக்குத் துணையாள் உட்கார வேண்டும். புதிதாக உட்கார்ந்த துணையாளின் முதல் சேலையில் கரையும் உடலும் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், விவரமுள்ள நெசவாளர் அவன் கையை மட்டுமா பார்ப்பார்? பாவு ஒரே இழுப்பில் இருந்ததா, பக்கத்தில் இருந்த மூத்தவரின் வேகத்தோடு இவன் வேகம் ஒத்துப்போனதா என்றும் பார்ப்பார். அடுத்த சேலைக்கு வேறொருவன், அதற்கடுத்ததற்கு மறுபடி இவன் என்று மாற்றினால் இரண்டு பேர் கையுமே அந்தத் தறிக்குப் பழகாது என்பதும் அவருக்குத் தெரியும். தொழிலில் இவ்வளவு நிதானம் உள்ளவர்கள் ஆட்டம் என்று வந்தால் நான்கு பந்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

சுதர்சனிடம் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. லீட்ஸில் இரண்டு முறையும் லெக் பக்கம் போன பந்தில்தான் விழுந்தார். ஆடும்போது தலை ஆஃப் பக்கம் சாய்கிறது. ஸ்டோக்ஸ் அதைக் கண்டுகொண்டு அங்கேயே ஆளை நிறுத்திப் பொறி வைத்தார். இது நிஜமான குறை. ஆனால் டெஸ்ட் ஆட்டக்காரர் யாருக்கும் தொடக்கத்தில் இப்படி ஒன்று இருக்கும். அதை எதிரணி கண்டுபிடிக்கும். பிறகு அவர் சரிசெய்கிறாரா என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதற்கு அவர் ஆட வேண்டும். வெளியே உட்கார்ந்து வலையில் ஆடுகிறவருக்கு ஸ்டோக்ஸ் பந்து போட மாட்டார். ஓல்டு டிராஃபோர்டு டெஸ்ட்டுக்கு மறுபடி அழைத்தபோது அதே ஸ்டோக்ஸ், அதே பொறி; 151 பந்து ஆடி 61 ரன் எடுத்தார். கடைசியில் ஸ்டோக்ஸே அவரை வீழ்த்தினார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நான்கு பந்துக்கும் 151 பந்துக்கும் நடுவே ஒருவர் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பதைக் காணக் கண் வேண்டும்.

“எட்ஜ்பாஸ்டனில் அவரைத் தூக்கியதால்தானே 336 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம்?” இந்தக் கேள்வியை வெற்றிக் களிப்போடு கேட்பார்கள். அந்த டெஸ்ட்டில் கில் 269, 161 என்று தனியொருவராக 430 ரன் குவித்தார். ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். சுதர்சனின் ஒன் டவுன் இடத்தில் ஆடிய கருண் நாயர் எடுத்தது 31, 26. ஷர்துல் தாக்கூருக்குப் பதில் வந்த நிதிஷ் குமார் ரெட்டி இரண்டு இன்னிங்ஸிலும் ஒவ்வொரு ரன். சுதர்சன் இடத்தில் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர் 42 ரன் எடுத்து, கில்லோடு ஏழாவது விக்கெட்டுக்கு 144 சேர்த்தார். அது பெரிய பங்கு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை இருந்தது எட்டாம் இடத்திலிருந்து கீழே. அதை அடைக்க மூன்றாம் இடத்திலிருந்து ஆளை உருவியது எப்படிச் சரியாகும்? ஷர்துலை எடுத்துவிட்டு அந்த இடத்திலேயே வாஷிங்டனைப் போட்டிருக்கலாம். கில் 430 ரன் அடித்த ஆட்டத்தில் எந்த மாற்றமும் புத்திசாலித்தனமாகத்தான் தெரியும்.

இனி இரண்டாம் கட்சி. “புதுப் பையனை இங்கிலாந்தில் ஒன் டவுனில் இறக்கலாமா? கம்பீருக்கு அறிவில்லை.” 2025 மே 7 அன்று ரோஹித் சர்மா டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றார், மே 12 அன்று விராட் கோலி. புதிய கேப்டன் கில் கோலியின் நான்காம் இடத்துக்குப் போனார். மூன்றாம் இடம் காலியானது. சுதர்சன் புதுப் பந்தை ஆடிப் பழகியவர், இடது கை ஆட்டக்காரர். இங்கிலாந்தில் சர்ரே அணிக்கு ஆடிச் சதமும் அடித்தவர். 2024 அக்டோபரில் ரஞ்சிக் கோப்பையில் டெல்லிக்கு எதிராக 213 ரன் எடுத்தவர். 2025 ஐபிஎல்லில் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி அவர் தலையில்தான் இருந்தது. இவரை ஆறாம் இடத்தில் ஒளித்துவைத்து, பழைய பந்தோடும் டெயில் எண்டர்களோடும் ஆடச் சொல்வதுதான் அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் மூன்றாம் இடம் சரியான முடிவு. பூஜ்யம் வந்ததால் அது தவறாகிவிடாது. சதம் வந்திருந்தாலும் அதனால் அது சரியாகியிருக்காது. தவறு லீட்ஸ் டெஸ்ட் முடிந்து எட்டு நாளில் நடந்தது. தாங்களே யோசித்து எடுத்த முடிவைத் தாங்களே கைவிட்டார்கள்.

லீட்ஸ் டெஸ்ட் தொடங்கிய அன்று காலை சுதர்சனுக்கு இந்தியத் தொப்பியை அணிவித்தவர் சேதேஷ்வர் புஜாரா. அவருடைய முதல் டெஸ்ட் 2010 அக்டோபரில் பெங்களூரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் மூன்று பந்து, 4 ரன். அடுத்த இன்னிங்ஸில் 207 ரன் துரத்தும்போது கேப்டன் தோனி, டிராவிட் இருக்கையில் அவரை விட்டுவிட்டு இந்தப் புதுமுகத்தை ஒன் டவுனில் அனுப்பினார். 72 ரன், இந்தியா 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. புஜாரா அன்று பத்து ரன்னில் வீழ்ந்திருந்தாலும் தோனி செய்தது சரி என்றே சொல்வேன். மூன்று பந்தைப் பார்க்காமல், அந்த மூன்று பந்துக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் புஜாரா ஆடியதைப் பார்த்து எடுத்த முடிவு அது. மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தோனி பெயரைச் சொல்லிக் கத்துகிற நம்மூர்ப் பிள்ளைகள், அவரே 2004 டிசம்பரில் சிட்டகாங்கில் ரன் எதுவும் இல்லாமல் ரன் அவுட் ஆகித் தொடங்கியவர் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதே பொறுமையை இன்னொரு புதுமுகத்துக்குத் தர மட்டும் மனம் வரவில்லை.

“தமிழன் என்பதால் தூக்கிவிட்டார்கள்” என்ற பேச்சும் இங்கே பலமாக உண்டு. இதற்கு வேர் இல்லாமல் இல்லை. முதல் தரப் போட்டிகளில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் எடுத்த பத்ரிநாத், 2010இல் நாக்பூரில் 56 ரன்னோடு தொடங்கி, இரண்டே டெஸ்ட்டோடு முடிந்துபோனார். அந்தக் காயம் தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான். ஆனால் எட்ஜ்பாஸ்டனில் சுதர்சன் இடத்துக்கு வந்த வாஷிங்டன் சுந்தர் எந்த ஊர்க்காரர்? சென்னைக்காரர்தான். குறையைச் சரியான இடத்தில் சொன்னால்தான் கேட்பவர் காதில் ஏறும். இது தமிழர், தமிழர் அல்லாதவர் சண்டை இல்லை. ஓர் இடத்தை ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுத்திருக்கத் தெரியாத சண்டை. இதில் எல்லா மாநிலத்துக்காரரும் அடிபடுகிறார்கள்.

எதிர்த்தரப்பிடம் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக மாட்டேன். இந்தியாவில் வரிசையில் நிற்பவர்கள் ஏராளம். சர்ஃபராஸ் கான் வெளியே இருக்கிறார். அபிமன்யு ஈஸ்வரன் அணியோடு ஊர் ஊராகப் போயும் தொப்பி கிடைக்காமல் திரும்பினார். இத்தனை பேர் காத்திருக்கும்போது ஒருவருக்கு மட்டும் எத்தனை வாய்ப்பு? நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதிலாக நாம் செய்துவருவது என்ன? கருண் நாயரையே பார்ப்போம். 2016 டிசம்பரில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 303 நாட் அவுட். நம்மூரிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டரில் நடந்தது அது. 2017 மார்ச்சில் தரம்சாலாவுக்குப் பிறகு அவருக்கு இடமில்லை. எட்டு ஆண்டு கழித்து லீட்ஸில், சுதர்சனின் முதல் டெஸ்ட்டில்தான் திரும்ப வந்தார். முச்சதம் அடித்தவரையும் அடுத்த மூன்றே ஆட்டத்தில் முடித்தோம், பூஜ்யம் அடித்தவரை ஒரே ஆட்டத்தில் முடித்தோம். வரிசை நீளமாக இருப்பதைக் காட்டி எல்லோரையும் அரைகுறையாகச் சோதித்தால், வரிசையில் நிற்கும் ஒருவரைப் பற்றியும் நமக்கு முழுதாகத் தெரியப்போவதில்லை.

லீட்ஸ் முதல் நவம்பரில் குவாஹாட்டி வரை ஒன்பது டெஸ்ட். மூன்றாம் இடத்தில் சுதர்சன், பிறகு கருண், பிறகு சுதர்சன், பிறகு வாஷிங்டன், மறுபடி சுதர்சன். இதில் எனக்கு மிகவும் உறுத்துவது கொல்கத்தா. அதற்கு முந்தைய டெஸ்ட், டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, சுதர்சன் 87, 39. அடுத்த ஆட்டத்திலேயே வெளியே. நான்கு சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கிய அணியில் வாஷிங்டன் ஒன் டவுனில் ஆடினார். நன்றாகவே ஆடினார், 29, 31. 124 ரன் துரத்திய இந்தியா 93க்கு முடிந்தது. சுதர்சன் இல்லாததால்தான் தோற்றோம் என்று சொன்னால், நான் யாரை மறுக்க எழுதுகிறேனோ அவர்களோடு நானும் போய்ச் சேர்ந்துவிடுவேன். நான் கேட்பது வேறு. பூஜ்யம் அடித்தாலும் உட்கார வைப்பீர்கள், 87 அடித்தாலும் உட்கார வைப்பீர்கள் என்றால், அந்த ஆள் எதைக் கற்றுக்கொண்டு எதைத் திருத்திக்கொள்வார்?

கணக்கையும் மறைக்க மாட்டேன். குவாஹாட்டி வரை 11 இன்னிங்ஸ், 302 ரன், சராசரி 27.45. மூன்றாம் இடத்து ஆட்டக்காரருக்கு இது போதாது. குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் நொறுங்கியபோது, இரண்டாம் இன்னிங்ஸில் அவர் 139 பந்து நின்று 14 ரன் எடுத்தார். ஆட்டத்தைக் காப்பாற்ற நின்று தடுப்பது ஒன்றுதான் அன்றைக்கு வழி. உடனே கிண்டல் கிளம்பியது: கட்டை போடுகிறார், அடிக்கத் தெரியவில்லை. ஜூனில் “டி20 ஆட்டக்காரன், நின்று ஆட வராது” என்றவர்கள்தான் நவம்பரில் இதைச் சொன்னார்கள். இவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஏற்கெனவே எழுதிவைத்த தீர்ப்புக்குப் புதுச் சாட்சி தேடுகிறார்கள். 27.45 என்ற எண்ணை வைத்து வாதிட வருபவரோடு நான் உட்கார்ந்து பேசத் தயார். நான்கு பந்தை வைத்து வாதிட வருபவரோடு பேச எதுவும் இல்லை.

தேர்வுக் குழுவிடம் ரசிகர்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த டெஸ்ட் தொடருக்கு அணியை அறிவிக்கும்போதே மூன்றாம் இடம் யாருக்கு என்று சொல்லட்டும். காயம் படாதவரை அந்தத் தொடர் முழுதும் அந்த இடம் அவருக்கே என்றும் சேர்த்துச் சொல்லட்டும். அது சுதர்சனாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தேவ்தத் படிக்கலோ வேறொருவரோ என்றாலும் எனக்குச் சம்மதமே. முதல் ஆட்டத்தில் அவர் பூஜ்யம் அடித்தால் அவருக்காகவும் இதே வாதத்தை வைப்பேன். தொடர் முடிந்து, எட்டுப் பத்து இன்னிங்ஸ் ஆடியும் லெக் பக்கப் பந்தில் அதே மாதிரி விழுகிறார் என்றால், சுதர்சனே ஆனாலும் அவருக்கு அந்த இடம் இல்லை என்று முதல் ஆளாக நானே சொல்வேன்.